மடங்கும் இறக்கை

பள்ளிப் புத்தாக்கப் போட்டிகளில், "இது எப்படி இயங்குகிறது?" என்றே பெரும்பாலும் கேட்கிறோம். "வேலை முடிந்தபின் இதை எப்படிக் கொண்டுபோய் எங்கே வைப்பது?" என்றும் கேட்டு, அதற்கும் புள்ளி வழங்க வேண்டும். கேமரன் மலை போன்ற சரிவான இடங்களில் அது சிறிய கேள்வியன்று.

1925இல் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 'மோத்' என்னும் சிறு விமானத்தை உருவாக்கியது. அதன் இறக்கைகள் முனைக்கு முனை ஏறக்குறைய 9 மீட்டர். அவற்றைப் பின்னோக்கி மடக்கினால் அகலம் 3 மீட்டருக்குள் அடங்கும். சிறிய கொட்டகையே போதும். காரின் பின்னால் கட்டி இழுத்தும் செல்லலாம். 1930இல் ஏமி ஜான்சன் இவ்வகை விமானத்தில்தான் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தார். மடக்கும் இறக்கையில் ஆபத்தும் உண்டு. விரித்தபின் பூட்டும் ஆணி சரியாகப் பொருந்தியதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். மறந்தால் உயிருக்கே கேடு.

கேமரன் மலையில் விமான நிலையம் இல்லை, சமதளமே அரிது. ஆனால், 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திலும் இதே சிக்கல்தான். கொழுந்து வெட்டும் பொறியை இருவர் இரு பக்கமும் பிடித்து நடக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் அது சரிப்படாது, அங்கே கைக்கத்தரிதான். ஒருவரே மடக்கித் தோளில் சுமந்து, வீட்டு மூலையில் சாத்தி வைக்கக்கூடிய பொறியை ஒரு மாணவி வரைந்து வந்தால், அது சற்று மெதுவாக இயங்கினாலும் முதலிடம் அவளுக்கே தருவேன். ஆணியை எப்படிச் சரிபார்ப்பாள் என்று மட்டும் கேட்பேன்.