பாக்கெட் இல்லாத கார்கோ பாவாடை யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் முழுசும் படித்துவிட்டு வாருங்கள்.

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக ஒரு போட்டோவை வைத்துக் கச்சேரி நடக்கிறது. காலேஜ் படிக்கிற நம் வீட்டுப் பெண், தொடைப் பக்கம் இரண்டு பெரிய பாக்கெட் வைத்த காக்கிப் பாவாடை போட்டிருக்கிறாள். கார்கோ ஸ்கர்ட்டாம். "கோணிப்பை", "மெக்கானிக் மாதிரி இருக்கு", "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இத்தனை பை?"

எதுக்கா? போன், பஸ்சுக்குச் சில்லறை, வீட்டுச் சாவி, ஐ.டி. கார்டு, மாதத்தில் சில நாள் நாப்கின். இதைக் கேட்ட தம்பியின் சட்டையில் ஒரு பாக்கெட், பேண்டில் நாலு. எதுக்கு என்று அவரை யாராவது கேட்டதுண்டா?

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவள் நான். நாப்கினைத் தினத்தாளில் சுற்றி, நோட்டுக்குள் ஒளித்து, அந்த நோட்டோடு பாத்ரூமுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பையன்கள் பார்ப்பார்களே என்று சாயங்காலம் வரை எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சீருடைப் பாவாடையில் ஒரு பாக்கெட் இருந்தால் தீர்ந்திருக்கும். இதை ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "பாக்கெட் வெச்சா பொண்ணுங்க போன் கொண்டாந்துடுவாங்க டீச்சர்" என்று பதில். பையன்கள் பேண்டில் இரண்டு பாக்கெட் அப்போதும் இருந்தது!

நம் பண்பாட்டில் இல்லாததா இது? ஆயா இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பை என்ன? முந்தானை முடிச்சு என்ன? பருத்தி எடுக்கப் போகிறவள் சேலையை மடித்து மடி கட்டிக்கொள்கிறாளே, அது பாக்கெட் இல்லாமல் வேறு என்ன? ஐரோப்பாவிலும் பெண்கள் பாவாடைக்கு அடியில் தனிப் பை கட்டித்தான் நடந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்பை ஒட்டிய மெல்லிய கவுன் வந்தது. பை போய், கையில் தூக்கும் குட்டிப் பை வந்தது. நாம் சேலையிலிருந்து சுடிதாருக்கும் லெக்கின்ஸுக்கும் வந்தபோது நடந்ததும் அதேதான். மடி போச்சு, பாக்கெட் வரவில்லை.

"மெக்கானிக் மாதிரி" என்பது வசவா? 1936 ஜூலை 30 அன்று 12 மில் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்து, 8 மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்வது? நம் சொந்தத்தில் பாதிப் பேர் ஏ.எஃப்.டி. சம்பளத்தில் வளர்ந்தவர்கள். தொடைப் பாக்கெட் 1938 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவ உடையில் வந்தது. ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் செம்புக் குமிழ் அடித்தது, வேலை செய்கிறவன் பாக்கெட் கிழியக் கூடாது என்று. 1873இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார்கள். வேலைக்காக வந்த உடுப்பு, வேலை செய்கிறவளுக்கு ஆகாதா?

என் உண்மையான கோபம் கடைக்காரர்கள் மேல். நேரு வீதியிலும் சண்டே மார்க்கெட்டிலும் தொட்டுப் பாருங்கள். பாதிப் பாவாடைகளில் மூடியும் பட்டனும் இருக்கும், உள்ளே பை இருக்காது. சுவரில் அடுப்பை வரைந்துவிட்டுச் சமைக்கச் சொல்வது போல. 2018இல் அமெரிக்காவில் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 20 கம்பெனிகளின் ஜீன்ஸை அளந்தது. பெண்களுடைய முன் பாக்கெட் ஆண்களுடையதைவிட 48 சதவீதம் ஆழம் குறைவு! காசு மட்டும் குறைத்து வாங்கினார்களா?

வாங்குகிறவர்களுக்கு: மூடியைத் திறந்து கையை விடுங்கள். போனைப் போட்டு, டிரையல் ரூமில் உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட் தொடைக்கு முன்னால் இருந்தால் குத்தும், பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் இடுப்பு சாமான் கனத்தில் இறங்கிவிடும். பட்டையும் பெல்ட் லூப்பும் பாருங்கள். பருத்தி ட்ரில் நல்லது, நைலான் நம்ம ஊர் மே மாதத்துக்கு ஆகாது. ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே நிற்கிற உயரம் எடுங்கள், தரை கூட்டும் நீளம் சக்கரத்துக்குத்தான் போகும். மேலே குட்டைச் சட்டை போதும். நீளக் குர்த்தி போட்டால் பாக்கெட்டில் கைவிட ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டும். பேத்திகளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கிறவர்கள், வலப்பக்கத் தையலில் மணிக்கட்டு வரை கை போகிற ஆழத்துக்குப் பாக்கெட் கேளுங்கள். துணி போதாது என்று டெய்லர் சொன்னால் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுங்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.