ஜுகாடைப் போற்றுவோரும் ஆர்.சி. புத்தகத்தை வணங்குவோரும்

ஒரே செயலுக்கு இந்தியாவில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. பம்புசெட்டின் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி உழவர் ஒருவர் ஓட்டினால் அது ‘ஜுகாட்’. மேலாண்மைக் கல்லூரிகள் அதைப் பாடமாக வைக்கின்றன. அங்கீகாரம் பெற்ற கருவித்தொகுப்பைப் பொருத்திப் பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கோ மின்கலத்துக்கோ மாற்றினால் அது ‘ரெட்ரோஃபிட்டிங்’. அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பழைய கார் ஒன்றை வாங்கிய இளைஞர் தன் உழைப்பால் அதன் எஞ்சினை மாற்றினால் அது ‘மாடிஃபிகேஷன்’; அதற்கு ஆறு மாதம் வரை சிறை. மூன்றிலும் ஸ்பேனர் செய்யும் வேலை ஒன்றே. வேலைக்குப் பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் பொருள் ஒன்று உண்டு: பழையதாக வாங்கி, திருத்தி, மேம்படுத்தி ஓட்டப்படும் சிறிய நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஆய்வுலகம் இதைத் தள்ளிவைத்துவிடுகிறது. அந்தப் புறக்கணிப்பே தவறு.

நடு எஞ்சின் கார் என்பது ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சினை அமர்த்திய வண்டி. எடை மிகுந்த பகுதி வண்டியின் மையத்தருகே இருப்பதால் அது விரைவாகத் திரும்பும். கோடிக்கணக்கில் விலைபோகும் இத்தாலிய வண்டிகளே பலரின் நினைவுக்கு வரும். ஆயின் சிறிய நடு எஞ்சின் கார்களின் வரலாறு வேறு. அது எளிய குடும்பக் கார்களைப் பிரித்துப்போட்டு மாற்றிக் கோத்த வரலாறு. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, ஃபியட் 128 என்னும் சாதாரணக் காரின் முன்சக்கர இயக்கத் தொகுதியை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தது. 1969இல் வந்த போர்ஷே 914, ஃபோக்ஸ்வாகன் எஞ்சினோடும் விற்கப்பட்டது. 1984இல் டொயோட்டா வெளியிட்ட எம்.ஆர்.2, கொரோலா குடும்பத்தின் 1.6 லிட்டர் எஞ்சினைப் பின்னுக்கு நகர்த்தியது. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ், ரோவரின் எஞ்சினைக் கடன் வாங்கியது. ஆக, இந்த வகை வண்டியே ‘மாற்றியமைத்தல்’ என்னும் செயலின் குழந்தை. நிறுவனம் செய்தால் அது பொறியியல். உரிமையாளர் செய்தால் குற்றம்.

இந்தியாவில் இத்தகைய காரை விரும்பும் ஒருவருக்குத் திறந்திருக்கும் வழிகள் எவை? முதல் வழி இறக்குமதி. பழைய கார்களை இறக்குமதி செய்வதற்கான விதிகளின்படி, வண்டி உற்பத்தியாகி மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். எம்.ஆர்.2இன் கடைசி வண்டி 2007இல் உற்பத்தியானது. எனவே இங்கிலாந்திலும் ஜப்பானிலும் கல்லூரி மாணவர் சேமித்து வாங்கக்கூடிய பழைய எம்.ஆர்.2 இந்தியாவுக்குள் வர வழியில்லை. ஆனால் போர்ஷே கேமன் உற்பத்தியில் இருந்தவரை, புதிய வண்டியைப் பணமுள்ளவர் காட்சியறையிலேயே வாங்க முடிந்தது. எளியவருக்கு எட்டும் வண்டியைத் தடுத்துச் செல்வருக்கு எட்டும் வண்டியை அனுமதிக்கும் விதியை வைத்துக்கொண்டு, இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இகழ்வதில் என்ன நேர்மை இருக்கிறது?

இரண்டாம் வழி, இங்கேயே கிடைக்கும் பழைய காரை மாற்றியமைப்பது. ஓட்டுநர் இருக்கையின் அடியில் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட மாருதி ஆம்னி 1984 முதல் 2019 வரை இந்தியத் தெருக்களில் விற்பனையானது. பின்னால் எஞ்சின் வைத்த டாடா நானோ பழைய வண்டிச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது. கற்றுக்கொள்ள விரும்பும் கைகளுக்கு இவற்றைவிடத் தகுந்த பாடநூல் வேறில்லை. ஆனால் இவ்வழியை அடைத்து நிற்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு.

இப்பிரிவின் சொற்களை மொழி படித்தவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 1988இல் இயற்றப்பட்டபோது, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் ‘இனிச் சரியாக இல்லாமல் போகும்படி’ வண்டியை மாற்றக் கூடாது என்றது சட்டம். மாற்ற விரும்புவோர் பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். துணைப் பொருள்களைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ வண்டியின் வெற்றெடை இரண்டு விழுக்காட்டுக்குள் மாறினால் ஒப்புதலே தேவையில்லை என்ற சலுகையும் இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வாக்கியத்தை மாற்றியது. சான்றிலுள்ள விவரங்கள் ‘தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து’ வேறுபடக் கூடாது என்று ஆயிற்று.

இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது. முதல் வாக்கியம் விவரணையின் உண்மையைக் கேட்டது: வண்டி மாறினால் காகிதத்தையும் மாற்று, அதிகாரி பார்த்து ஒப்புதல் தரட்டும் என்றது. இரண்டாம் வாக்கியம் தயாரிப்பாளரின் ஆதிச் சொல்லுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளின் மீது உரிமையாளருக்கு இருந்த பேச்சுரிமை, அந்தப் பொருளை விற்றுவிட்டுப் போனவருக்கு மாறிவிட்டது. 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தைத் தள்ளி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான கட்டமைப்பு மாற்றம் கூடாது என்று உறுதிசெய்தது. இருக்கும் வாக்கியத்தை நீதிமன்றம் அப்படித்தான் படிக்க முடியும். குறை வாக்கியத்தில் இருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182அ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது.

இவையெல்லாம் பாதுகாப்புக்காகவே என்பது வழக்கமான விடை. அப்படியானால் ஆர்.சி. புத்தகம் எதைக் கவனிக்கிறது என்று பார்க்கலாம். வண்டியின் நிறம் அதில் உண்டு; பிரேக் டிஸ்க்கின் அளவு இல்லை. சிலிண்டர்களின் எண்ணிக்கை உண்டு. சஸ்பென்ஷனின் நிலை இல்லை. விலையுயர்ந்த டர்போ காரின் கணினி மென்பொருளை மாற்றி எழுதி அதன் திறனைக் கணிசமாகக் கூட்டினாலும் எஞ்சினின் கன அளவு மாறுவதில்லை. காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எளியவர் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு நல்ல எஞ்சினை வைத்தால் எண் மாறும், உடனே அகப்படுவார். இந்த ஏற்பாடு காப்பது உயிரை அன்று. காகிதத்துக்கும் வண்டிக்கும் இடையிலான பொருத்தத்தை.

எதிர்வாதத்தின் வலிமையை மறைக்கத் தேவையில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை, மிகைவேகமே முதற்காரணம். சைலன்சரைக் கழற்றி நள்ளிரவில் தெருவையே எழுப்புபவர்களும், வெல்டிங் தெரியாத கையால் சட்டத்தை வெட்டுபவர்களும் இருக்கவே செய்கிறார்கள். நடு எஞ்சின் வண்டி தவறை எளிதில் மன்னிக்காது என்பதும் உண்மை. வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி சட்டென்று சுழன்றுவிடும்.

ஆனால் இதே உண்மை எதிர்த்திசையிலும் பேசுகிறது. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்.ஆர்.2 இந்தச் சுழற்சிக்காகவே கடும் விமர்சனம் பெற்றது. அவ்வண்டியில் எந்த உரிமையாளரும் கை வைக்கவில்லை. தயாரிப்பாளர் ‘முதலில் குறித்த விவரங்களோடு’ தான் அது வந்தது. சில ஆண்டுகளுக்குள் டொயோட்டாவே பின் சஸ்பென்ஷனின் அமைப்பையும் சக்கர அளவையும் மாற்றியது. மூல வடிவம் ஆபத்தாக இருக்கலாம். மாற்றம் அதைத் தணிக்கலாம். எது ஆபத்து, எது காப்பு என்பதைச் சோதனை சொல்ல வேண்டும். ‘முதலில்’ என்னும் சொல்லுக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

பிற நாடுகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டனில் தனி வண்டி ஒவ்வொன்றையும் சோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவைத் தக்கவைக்குமா என்பதற்கு அங்கே நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு பின்பற்றப்பட்டது: சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு, எஞ்சினுக்கு 1, மொத்தம் 14இல் 8 இருந்தால் போதும். எஞ்சினுக்கு அங்கே ஒரே ஒரு புள்ளி! ஜெர்மனியில் தேர்வாளர் பரிசோதித்து மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதிந்துவிடுகிறார். ஜப்பானில் கட்டமைப்பு மாற்றத்துக்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. தடையற்ற உரிமை எங்கும் இல்லை. கேட்டால் சோதித்துப் பதில் சொல்லும் அரசு இருக்கிறது. இந்தியாவில் கேட்பதற்கான சாளரமே மூடப்பட்டிருக்கிறது.

இனிக் கல்வியுலகத்துக்கு வரலாம். ஆண்டுதோறும் பொறியியல் மாணவர்கள் கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்கும், பிதாம்பூரில் பாஹா போட்டிக்கும் தாமே வண்டி கட்டி எடுத்துச் செல்கிறார்கள். ஃபார்முலா பாரத்தின் பெட்ரோல் பிரிவில் எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படக் கூடாது. பெரும்பாலும் பைக் எஞ்சின் ஒன்றை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கிறார்கள். அதாவது சிறிய நடு எஞ்சின் காரைக் கட்டும் திறமையைக் கல்லூரிகளே கற்பிக்கின்றன. நடுவர்கள் பிரேக்கையும் சட்டத்தையும் சோதித்த பிறகே களத்தில் இறக்குகிறார்கள். போட்டி முடிந்ததும் அந்த வண்டி துறை வராந்தாவில் தூசி படிந்து நிற்கிறது. அதே மாணவர் அதே அறிவைத் தன் பழைய காரில் பயன்படுத்தினால் குற்றவாளி. இந்த முரண்பாட்டைப் பற்றிக் கல்விமன்றங்களில் ஒரு தீர்மானமாவது உண்டா?

ஜுகாடின் நிலை இன்னும் வேடிக்கையானது. அச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய மேலாண்மை நூல் 2012இல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, சட்டத்துக்கு உட்படாமல் சாலையில் ஓடக் கூடாது என்றது. சொல் கருத்தரங்குக்குப் போயிற்று. வண்டி காவல் நிலையத்துக்குப் போயிற்று. சொல்லின் புகழில் வாழ்ந்த அறிஞர்களுள் வண்டிக்காக வாய் திறந்தோர் எத்தனை பேர்?

தில்லி மாயாபுரியிலும் சென்னை புதுப்பேட்டையிலும் கழிவிரும்புக்கு நடுவே அமர்ந்து எந்த எஞ்சினுக்கு எந்த கியர்பாக்ஸ் சேரும் என்று கண்ணால் பார்த்தே சொல்லும் மிஸ்திரிகள் இருக்கிறார்கள். பட்டம் இல்லாத அந்த அறிவு உஸ்தாதிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகவே செல்கிறது. மாற்றுவது குற்றமாகும்போது அந்த அறிவும் குற்றத்தின் நிழலில் ஒதுங்குகிறது. எழுதப்படாமல், கற்பிக்கப்படாமல், சரிபார்க்கப்படாமல் கிடக்கிறது. மோசமான வெல்டிங் தொடர்வதற்கும் இதுவே காரணம்: மறைவில் செய்யப்படும் வேலையை யாரும் திருத்துவதில்லை.

கார் ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். ஓசையையும் ஒட்டுப்படத்தையும் மாடிஃபிகேஷன் என்று கொண்டாடி, அதைப் படமெடுத்துப் போட்டு, தடைக்கான சாட்சியத்தைத் தாமே தயாரித்துத் தருபவர்கள் அவர்களே. பிரேக்கைத் திருத்தாமல் திறனைக் கூட்டுபவர் பொறியியலுக்கும் எதிரி, சுதந்திரத்துக்கும் எதிரி. சோதனைக்கு உட்பட மறுக்கும் ஆர்வத்துக்கு உரிமை கோரும் தகுதி இல்லை.

கோரிக்கை எளியது. 2000க்கு முன் இருந்த முன்னறிவிப்பு, ஒப்புதல் என்னும் முறை 52ஆம் பிரிவுக்குள் மீள வேண்டும். அதோடு அன்று இல்லாத ஒன்றும் சேர வேண்டும்: தனி வண்டிச் சோதனை. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐ-கேட், பிதாம்பூரின் நேட்ராக்ஸ், ஒரகடத்தின் ஆய்வு மையம் எனச் சோதனைக் கூடங்கள் மக்கள் பணத்தில் எழுந்து நிற்கின்றன. அவை பெருநிறுவனங்களுக்கு மட்டும் திறக்கும் கதவுகளாக இருக்க வேண்டியதில்லை. தகுதியுள்ள பொறியியல் கல்லூரிகள் முதற்கட்டப் பரிசோதனையை ஏற்கலாம். மாணவர்களுக்கு அது பாடமும் ஆகும், மிஸ்திரிகளுக்கு அது அங்கீகாரமும் ஆகும்.

இதைக் கேட்க வேண்டிய முதல் குரல் பல்கலைக்கழகத்திலிருந்து எழ வேண்டும். கையால் அறியும் உரிமையை விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு நாடு, புத்தாக்கத்துக்கு எத்தனை மையங்கள் திறந்தாலும் அவற்றில் திறப்பு விழாவைத் தவிர வேறொன்றும் நடக்கப்போவதில்லை.