அரம் தின்ற எழுத்துகள்

"போருக்கென்று செய்த துப்பாக்கி ஐயா இது. நான் அறுத்துச் சீவிவிட்டால் வெறும் வேட்டைத் துப்பாக்கி ஆகிவிடும். நல்ல காரியம்தானே?"

இப்படிக் கேட்டவர் என் பழைய மாணவர். பகுதி ஒன்றில் என்னிடம் தமிழ் படித்தவர். இயற்பியல் அவருடைய முதன்மைப் பாடம். இன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறார். சென்ற கோடையில் பத்து நாள் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையின் மேசைமீது அந்தத் துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் ஆக்சா பிளேடு ஒன்று, அரங்கள் மூன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று. தொலைநோக்கி பொருத்துவதற்காக முதல் துளையை நான் போய்ச் சேருவதற்கு முந்தைய நாள்தான் போட்டிருந்தார். முன்கட்டையை ஒரு முழம் அறுப்பது, குழலைக் குறைப்பது, உலோகத்தின்மீதுள்ள முத்திரைகளை எல்லாம் அரத்தால் மழித்து மெருகேற்றுவது என்பன அடுத்த வேலைகள்.

இராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கியை இவ்வாறு உருமாற்றுவது அந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக் காலப் பொழுதுபோக்கு. இதனைக் கைவினை என்றும், படைப்பாற்றல் என்றும் புகழ்வோர் உளர். இது அழித்தெழுதும் வேலை என்பது என் துணிபு. துப்பாக்கியைத் தொட்டும் அறியாத தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள்க. அழிந்த எழுத்தைப் பற்றிப் பேசுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்!

முதலில் அந்தத் துப்பாக்கி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். அது லீ என்ஃபீல்டு நான்காம் எண் வகையைச் சேர்ந்தது. நம்மூர்க் காவல் நிலையங்களில் 'திரீ நாட் திரீ' என்று நாம் கேள்விப்பட்ட அதே குலம். ஆனால் இது பிறந்தது இங்கிலாந்தில் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிக்கப்பீ ஃபால்ஸ் என்னும் ஊரில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஆயுதம் போதாமல் போனபோது, 1941-இல் இயற்றப்பட்ட கடன்-குத்தகைச் சட்டத்தின்படி சாவேஜ் நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இவ்வகைத் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. இரவல் பொருள் என்பதால் ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் 'யு.எஸ். ப்ராப்பர்ட்டி' என்று பொறித்தார்கள். வரிசை எண்ணின் நடுவே இருக்கும் 'சி' என்ற எழுத்து சிக்கப்பீ ஃபால்ஸைக் குறிக்கும். போர் முடிந்தபின் பிரிட்டனில் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அங்குள்ள சோதனைச் சாலை இதனைச் சோதித்து, 'நைட்ரோ ப்ரூவ்டு' என்றும், ஒரு சதுர அங்குலத்துக்குப் பதினெட்டரை டன் அழுத்தம் தாங்கும் என்றும் குழலில் பொறித்தது. அதன்பிறகு விற்பனைச் சரக்காக மீண்டும் அட்லாண்டிக் கடந்து, பிறந்த நாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவும் அந்த இரும்பின்மீதே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு கல்வெட்டு. அதைத்தான் என் மாணவர் அரத்தால் மழிக்க இருந்தார்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். கொலைக்கருவியைக் கல்வெட்டு என்று கொண்டாடலாமா? அதிலும் இந்தியனாகிய நான்? 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் மக்களைக் கொன்றவை 303 தோட்டாக்களே. அன்று சுடப்பட்டவை 1650 என்பதை நாம் எப்படி அறிவோம்? சுட ஆணையிட்ட டயரே விசாரணைக் குழுவின்முன் சொன்ன கணக்கு அது. எத்தனை தோட்டா செலவாயிற்று என்று எண்ணிவைப்பது அவர்கள் வழக்கம். எண்ணிட்டு, முத்திரையிட்டு, பேரேட்டில் பதிந்துவைத்த அந்த ஆட்சியின் பழக்கமே அந்த ஆட்சிக்கு எதிரான சாட்சியாக இன்று நிற்கிறது. அந்த எண்ணை மழித்துவிட்டால் இறந்தவர் எழுந்து வருவார்களா? முத்திரையை மழித்துவிட்டால் துப்பாக்கி சாதுவாகிவிடுமா? அறுத்த பின்பும் அது கொல்லும். மானைக் கொல்லும், மனிதனையும் கொல்லும். கொலைத்திறனில் அணுவளவும் குறையாமல், சாட்சியத்தை மட்டும் அழிக்கும் செயலுக்கு நற்காரியம் என்று பெயரிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

(நம் நாட்டிலோ இராணுவத் தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருக்கவே தடை. அதனால்தான் அரசு ஆலைகள் 303-ஐ விட்டு 315 என்னும் வேறு அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றன. இங்கே அறுக்கும் ஆசைக்கே இடமில்லாமல் போயிற்று.)

ஏழ்மை காரணமாக அறுத்தவர்களை நான் குறை கூறவில்லை. 1950-களில் கடைத் துப்பாக்கியின் விலை மிகுதி. இராணுவம் கழித்ததோ இருபது டாலருக்கும் குறைவாகத் தபாலில் வீடு தேடி வந்தது. பண்ணையாள் ஒருவன் அதை வாங்கிக் கட்டையை அறுத்து எடையைக் குறைத்து, குளிர்காலத்து இறைச்சிக்கு மான் வேட்டையாடினான் என்றால் அது அவன் வயிற்றுப்பாடு. அந்தத் தபால் வணிகத்துக்கு என்ன முடிவு நேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. 1963-இல் கென்னடியைக் கொன்றது இத்தாலிய இராணுவம் கழித்த கார்க்கானோ. தொலைநோக்கி பொருத்தி 19 டாலர் 95 சென்டுக்குச் சிகாகோ நிறுவனமொன்று தபாலில் விற்றது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தபால் விற்பனையையும், இராணுவம் கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1980-களில் பழம்பொருள் என்ற பெயரில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று நிலைமை தலைகீழ். அறுக்கப்படாத லீ என்ஃபீல்டின் விலைக்குப் புதிய வேட்டைத் துப்பாக்கியே வாங்கலாம். ஆகவே இன்று அறுப்பவருக்கு வயிற்றுப்பாடு என்ற சாக்கு இல்லை.

"திறன் கூடும்" என்ற சாக்கும் நில்லாது. நான்காம் எண் துப்பாக்கியின் நீண்ட முன்கட்டை அலங்காரத்துக்கு வைத்ததன்று. அதன் நுனி குழலைக் கீழிருந்து சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்குமாறு அளவெடுத்துச் செதுக்கப்பட்டது. சுடும்போது குழல் துடிக்கும் துடிப்பை அந்தத் தாங்கல்தான் ஒழுங்கு செய்கிறது. கட்டையை அறுத்தால் தாங்கல் போகும். தாங்கல் போனால் குறி சிதறும். கட்டையை அறுத்துவிட்டு, "இந்தப் பழைய துப்பாக்கியே இப்படித்தான், குறி நிற்காது" என்று வைதவர்கள் அந்நாட்டில் எத்தனையோ பேர். வேண்டாத அடி என்று செய்யுளில் ஓரடியை வெட்டிவிட்டுத் தளை தட்டுகிறதே என்று புலவனைப் பழிப்பவரை நாமும் பார்த்திருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்துச் சேகரிப்பாளர்களையும் நான் ஆதரிக்கவில்லை. எண்கள் எல்லாம் பொருந்திய துப்பாக்கியை எண்ணெய் தடவி இரும்புப் பெட்டியில் பூட்டி, ஆண்டுக்கொருமுறை விலை விசாரிப்பவர்கள் அவர்கள். சரசுவதி பூசைக்கு ஏட்டுக்கட்டை எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, அவிழ்க்காமலே மீண்டும் பரணில் ஏற்றிய வீடுகளை உ.வே.சா. எத்தனை பார்த்திருப்பார்! ஆற்றில் விட்டவனைவிட அவன் மேலானவன்தான், படித்தவன் ஆகமாட்டான்.

படிப்பது என்றால் என்ன என்பதை அந்தப் பத்து நாளில் வேறொருவரிடம் கண்டேன். என் மாணவரின் அண்டை வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி. இவர் ஈயக்குண்டைத் தாமே வார்த்து, வெற்றுத் தோட்டாவில் தாமே மருந்திட்டுச் சுடுபவர். மாணவரின் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தவர் அரத்தைக் கையால் தொடவில்லை. எண்ணெய் தடவிய மெல்லீயத் துண்டொன்றைக் குழலின் வாயில் வைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, கம்பியால் தள்ளி மறுபக்கம் எடுத்தார். குழலின் உள்வரிகள் அந்த ஈயத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. சாவேஜ் செய்த குழல்கள் பலவற்றில் உள்ளதுபோல இதிலும் இரண்டே பள்ளங்கள். மைக்ரோமீட்டரால் அளந்தார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 315 பங்கு. கடையில் விற்கும் செம்புறை போர்த்த குண்டுகளோ 311 அல்லது 312. போர்க்கால அவசரத்தில் செய்த குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. போதாக்குறைக்கு, பழைய கார்டைட் மருந்தின் வெப்பம் குழலை அரித்துமிருக்கும். கடைக்குண்டு இந்தக் குழலில் தளர்ந்து ஓடும். இந்தக் குழலுக்கென்று வார்த்த குண்டு மட்டுமே பொருந்தும்.

பிறகு நடந்ததை நான் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சட்டியில் ஈயம் உருகியது. சிறிது மெழுகைப் போட்டுக் கிளறினார். அழுக்கு மேலே திரண்டது, வழித்தெறிந்தார். வார்ப்பச்சு சூடேறாத முதல் சில குண்டுகள் சுருங்கி வந்தன. அவற்றை மீண்டும் சட்டிக்கே அனுப்பினார். சூடு மிகுந்தபோது குண்டுகள் பனிபடர்ந்தாற்போல் மங்கின, சற்று நிறுத்தினார். ஆறியபின் ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய செம்புக் கிண்ணியொன்றை அழுத்தினார். வெடிக்கும் வாயுவின் சூடு ஈயத்தின் அடியை உருக்கிவிடாமல் அது காக்குமாம். தேன்மெழுகு கலந்த பசையைப் பள்ளங்களில் தடவினார். இராணுவத் தோட்டாவின் குண்டு நொடிக்கு 2440 அடி வேகத்தில் போகும். இவருடைய ஈயக்குண்டு 1600 அடியில் நிதானமாகப் போகும். அதற்குமேல் விரட்டினால் ஈயம் வரிகளைப் பிடித்துச் சுழலாமல் வழுக்கிக் குழலில் ஒட்டும். குறைந்த அழுத்தத்தால் பித்தளைக் கூடும் பலமுறை பயன்படும். எண்பது வயதுக் குழலுக்கும் தேய்மானம் குறைவு.

இதையும் 'துப்பாக்கியை மாற்றுதல்' என்றே அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே மாறுவது குண்டு. துப்பாக்கி அப்படியே இருக்கிறது. மூலத்தில் கைவைக்காமல், மூலம் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்குத் தன் சொல்லை வார்ப்பவன் உரையாசிரியன். மூலம் தனக்கு வசதிப்படவில்லை என்று அதையே திருத்துபவன் இடைச்செருகல்காரன். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைச் சிதைந்தபடியே விட்டுக் காட்டினார் உ.வே.சா. இட்டு நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று?

ஆனால் என் பக்கத்தாரிடமும் எனக்கொரு வழக்கு உண்டு. அண்டை வீட்டுக்காரரின் மூலையில் இருந்த மரப்பெட்டியில் ஈயக்கட்டிகளைப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தால் எழுத்துகள்! செய்தித்தாள் அச்சகங்கள் மூடியபோது வந்த லினோடைப் வரிகள். நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம் என்ற அந்தக் கலவை குண்டு வார்ப்பதற்கு வெகு பொருத்தமானதாம். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்தபின் ஆறுதல் சொல்லிக்கொண்டேன்: லினோடைப் வரி நிலையான பொருளன்று, அச்சேறியதும் உருக்கி மறுநாள் செய்திக்கு வார்ப்பதே அதன் முறை. ஆனால் கையால் கோக்கும் வார்ப்பெழுத்தைச் சிலர் உருக்குகிறார்கள் என்று அவரே சொன்னார். அது தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் கருவி. அதை உருக்குபவருக்கும் முத்திரையை மழிப்பவருக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இதை அவரிடமே சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.

ஈயம் நஞ்சு என்பதையும் மறைப்பதற்கில்லை. குண்டுபட்ட இறைச்சியைத் தின்ற கழுகுகள் மடிந்ததால், கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு முற்றிலும் தடை. அது நியாயமான தடை. நான் சொல்வது குறிப்பலகையை நோக்கிச் சுடுவதைப் பற்றி. அங்கேயும் ஈயத்தைத் திரும்பப் பொறுக்கி எடுத்து உருக்குபவரே என் மதிப்புக்குரியவர்.

நான் ஊர் திரும்பும்வரை ஆக்சா பிளேடு மேசைமீதே இருந்தது. சென்ற வாரம் மாணவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஐம்பது கஜத்தில் பத்துக் குண்டுகள். உள்ளங்கைக்குள் ஒன்பது, ஒன்று மட்டும் வெளியே. முத்திரைகள் இருக்கின்றன, முன்கட்டை இருக்கிறது. தாம் போட்ட அந்த ஒற்றைத் துளையைத் திருகாணியால் மூடியிருக்கிறார். அதைப் பற்றவைத்து நிரப்பி, தடம் தெரியாமல் அரத்தால் மழித்துவிடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், துளை துளையாகவே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.