காட்டைப் பிடுங்கிவிட்டு காடு வரைகிறோம்!



எங்க அப்பா வெள்ளையடிக்கிற வேலை பார்க்கிறார். போன வருஷம் எங்க ஊர் மேம்பாலத்துக்குக் கீழே சுவர் சுரண்டுகிற வேலை வந்தது. காலேஜ் லீவு என்பதால் நானும் கூடப் போனேன். பல வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது. சுவரடியில் எருக்கு, நாயுருவி, குப்பைமேனி, தும்பை எல்லாம் மண்டிக் கிடந்தது. ஒரே காலையில் அத்தனையும் வெட்டி லாரியில் ஏற்றினோம்.

மறுவாரம் அதே சுவரில் ஒரு காடு வரைந்துவிட்டார்கள். அருவி, மான், பனிமலை, பட்டாம்பூச்சி! அப்பா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இருந்ததைப் புடுங்கிட்டு இல்லாததை வரையறாங்களே, இது என்ன நியாயம்?"

பள்ளிக்கூடமே போகாத அவர் கேட்டதற்கு, டிப்ளமோ படிக்கிற என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓவியர்களை நான் குறை சொல்லவில்லை. போஸ்டரும் நாற்றமும் போனது நல்லதுதான். எல்லாச் செடியையும் விட்டுவைக்கணும் என்றும் சொல்லவில்லை. பறவை எச்சத்தில் விழுந்த அரசம் விதை சுவர் விரிசலில் முளைத்தால், வேர் பருக்கப் பருக்க சுவர் பிளந்துவிடும். அதை எடுத்தே ஆகணும், நான் சிவில் மாணவன்! ஆனால் தரையில் முளைத்த தும்பை எந்தச் சுவரை இடித்தது? சுவரில் பட்டாம்பூச்சி பறக்கிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுகிற எருக்கோ லாரியில் போய்விட்டது.

'களையைப் போய் யாராவது வரைவானா?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஜெர்மனி ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503-ல் ஒரு சிறு புல்தரையை, அதிலிருந்த களைச்செடிகளோடு அப்படியே நீர்வண்ணத்தில் வரைந்தார். 500 வருஷம் தாண்டியும் வியன்னாவில் அதைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள்.

நியூயார்க் நகரில் உயரத்தூண்கள் மேல் ஓடிய சரக்கு ரயில் பாதை 1980-ல் நின்றுபோனது. தண்டவாளத்தில் தானாகவே புல்லும் பூவும் முளைத்தன. இடித்துத் தள்ளச் சொன்னவர்கள் உண்டு. ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற புகைப்படக்காரர் அந்தக் காட்டை 2000, 2001-ல் படமெடுத்துக் காட்டினார். ஜனங்களின் மனசு மாற அந்தப் படங்களும் உதவின. 2009-ல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. உள்ளதைக் காட்டிய படம் அந்தப் பாதையைக் காப்பாற்ற உதவியது. இல்லாததைக் காட்டிய படம் நம் கண்ணை மறைக்கிறது!

எனவே மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய ஒர்க்ஷாப்பின் பின்சுவரில் அடுத்த ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு ஓவியம் வரைவோம். பனிமலை வேண்டாம். அந்தச் சுவரடியில் என்ன முளைத்திருக்கிறதோ அதையே 1:1 ஸ்கேலில், பேரோடு வரைவோம். கீழே செடி, மேலே அதன் படம். ஒன்றைக்கூடப் பிடுங்க வேண்டாம்.

வரைந்து முடித்ததும் எங்க அப்பாவைக் கூட்டிவந்து காட்டணும். அவர் கேள்விக்கு என் பதில் அதுதான்.

- இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு