மகிழுந்தில் மகிழ்வு எங்கே?

காருக்கு 'மகிழுந்து' என்று பெயர் வைத்தவர் நல்ல மனம் படைத்தவராக இருந்திருக்க வேண்டும். மகிழ்ந்து செல்லும் உந்து. தேர்வுத் தாளிலும் மேடைப் பேச்சிலும் நாம் அச்சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகிறோம். ஆனால், படிப்பை முடித்து, முதல் சம்பளச் சீட்டோடு உண்மையிலேயே ஒரு மகிழுந்து வாங்கக் கிளம்பும் நாளில் மகிழ்ச்சியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "தம்பி, விக்கும்போது வெல போகுமா?", "சாமான் கெடைக்குமா?", "எண்ணெய் எவ்வளவு குடிக்கும்?" என்று மாமாவும் சித்தப்பாவும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரோடுவா மைவி.

எங்கள் தாசேக் கெலுகோரில் (பல்கலைக்கழகம் இருக்கும் தீவுப் பகுதிக் கெலுகோர் அன்று, பாலத்துக்கு இந்தப் பக்கம், வயலும் செம்பனையும் தண்டவாளமும் உள்ள கெலுகோர்) ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று பாருங்கள். வரிசையாக மைவி, ஆக்சியா, பெஸா. நடுநடுவே ஒரு சாகா. எது யாருடைய கார் என்று எண் தகட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்பது துரைக்கும், பெரிய கிராணிக்கும் உரிய பொருள். நம்மவர்களுக்கு மிதிவண்டி, பிறகு மோட்டார் சைக்கிள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டே பாலத்தைக் கடந்தார். 1994இல் பெரோடுவா கன்சில் வந்தது. 660 சிசி இயந்திரம். தீப்பெட்டி அளவு வண்டி. ஆனால் அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, நடுவில் பிள்ளையை நெருக்கிக்கொண்டு மழையில் நனைந்து போன குடும்பத்துக்கு, நான்கு பேர் நனையாமல் போகும் முதல் வாகனம் அதுதான். அந்த நன்றி எளிதில் போகாது. 2005இல் மைவி வந்தபோது அந்த நன்றி அப்படியே அதன்மேல் இறங்கியது. 2006 முதல் நாட்டின் கார் விற்பனையில் பெரோடுவாதான் முதலிடத்தில் இருக்கிறது என்பதில் வியப்பில்லை.

அப்பாவின் நன்றியை நாம் ஒன்பது ஆண்டுத் தவணையாகக் கட்ட வேண்டுமா என்பதே என் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். மாதம் 600 வெள்ளி, ஒன்பது ஆண்டு, அதாவது 108 மாதம். மொத்தம் 64,800 வெள்ளி. இருபத்து நான்கு வயதில் கையெழுத்துப் போட்டால் முப்பத்து மூன்று வயதில்தான் வண்டி முழுமையாக நம்முடையதாகும். பக்கத்திலேயே பிடிபிடிஎன் கல்விக் கடன் வேறு. இவ்வளவு பெரிய தொகையை இளமையின் ஒன்பது ஆண்டுகளோடு சேர்த்துக் கொடுக்கிறோம். கொடுத்து வாங்குவது என்ன? பத்தாவது ஆண்டில் இன்னொருவருக்கு விற்கும்போது கிடைக்கப்போகும் விலை! நாம் ஓட்டப்போகும் ஒன்பது ஆண்டுகள் கணக்கிலேயே வருவதில்லை.

வழக்கமான நிறுவனத்தை விட்டு விலக வேண்டுமென்றால் உடனே சிலர் பழைய ஜெர்மன் காரின் பக்கம் ஓடுகிறார்கள். அது மகிழ்ச்சியைத் தேடும் ஓட்டமன்று; மண்டப வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்கான ஓட்டம். ஒரு பழுதுக்கு ஒரு மாதச் சம்பளம் போகும். அதைவிட மைவியே மேல் என்று நானே சொல்வேன்.

நான் சொல்லும் மாற்று அவ்வளவு தூரத்தில் இல்லை. புரோட்டோன் சத்ரியா நியோ. 2006இல் வெளிவந்து 2015 வரை உற்பத்தியில் இருந்த இரு கதவு வண்டி. 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கைப் புரோட்டோன் வாங்கியது. பந்தயக் கார் மரபில் வந்த அந்தப் பொறியாளர்களின் கைவண்ணம் சத்ரியா நியோவின் சக்கர அமைப்பில் இருக்கிறது. வளைவில் திருப்பினால் வண்டி உங்களோடு சேர்ந்து திரும்பும். ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பாது. 2009இல் வந்த சிபிஎஸ் வகையில் 1.6 லிட்டர் இயந்திரம் 125 குதிரைத்திறன் தருகிறது. ஐந்து கியர் கொண்ட மேனுவல் வண்டி கிடைத்தால் விடாதீர்கள். (இன்னும் உரிமம் எடுக்காத தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: டிஏ உரிமம் எடுத்தால் ஆட்டோ மட்டுமே ஓட்டலாம். சிரமப்பட்டாவது டி எடுத்துவிடுங்கள்.)

மாமாவின் கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. 1,300 சிசி காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 70 வெள்ளி. 1,600 சிசிக்கு 90 வெள்ளி. வித்தியாசம் இருபது வெள்ளிதான். உதிரிப்பாகங்களில் பல மற்ற புரோட்டோன்களுக்கும் பொதுவானவை. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைக்காரர் கெப்பாளா பத்தாஸிலும் சுங்கைப் பட்டாணியிலும் இல்லாமல் போகமாட்டார். எண்ணெய் கூடுதலாகத்தான் குடிக்கும், மறைக்க மாட்டேன். விற்கும்போது விலை? பெரிய அளவில் விழ வேண்டிய விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது. பழைய வண்டிக்கு நீண்ட தவணை கிடைப்பது கடினம் என்பதையும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வரமாகத் தெரிகிறது. ஓராண்டு இரண்டாண்டு சேமித்து, ரொக்கமாக வாங்கி, மாதம் முதல் தேதி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு அதுதான் ஒரே கார் என்றால், அம்மாவுக்கு முழங்கால் வலி, பாட்டியை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால், இரண்டு கதவு வண்டி கொடுமை. பின்னிருக்கையில் ஏறுவதற்கே ஒரு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான்கு பயணிகள் கதவுள்ள சுசுகி ஸ்விஃப்ட்டைப் பார்க்கச் சொல்வேன். இலேசான உடல், சுறுசுறுப்பான ஸ்டீயரிங். வேடிக்கை என்னவென்றால், சென்னையில் ஸ்விஃப்ட் என்பது நம் மைவியைப் போல வீட்டுக்கு வீடு நிற்கும் வண்டி. அதன் உடன்பிறப்பான டிசைர் வாடகைக் காராகவே ஓடுகிறது. அங்கே சலித்துப்போனது இங்கே மண்டப வாசலில் தனித்துத் தெரிகிறது. பழைய ஸ்விஃப்டைத்தான் சொல்கிறேன். 2021இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் விலை ஏறக்குறைய 140,000 வெள்ளி. அதற்கு இந்தக் கட்டுரை பொறுப்பேற்காது.

தாசேக் கெலுகோர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் ஊர் நிலையத்திலிருந்து கொமுட்டர் ரயில் பட்டர்வொர்த் வரை போகிறது. அங்கிருந்து படகு ஏறினால் ஜார்ஜ்டவுன். அந்தப் படகில் இப்போது கார்களை ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும்தான். தீவின் நகர்ப்பகுதியில் வேலை கிடைத்தவர்கள் அன்றாடப் பாட்டை ரயிலிடம் விட்டுவிடலாம். அப்போது காரை எதற்காக வாங்குகிறோம் என்ற கேள்விக்கே வேறு பதில் வரும். ஞாயிறு காலையில் தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் புலாவ் போகும் மலைச்சாலைக்காக வாங்குகிறோம் என்று கூசாமல் சொல்லலாம்.

வாங்கப் போகும்போது தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்பது மட்டும் போதாது. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். கதவின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி இறக்குங்கள். புரோட்டோன் கண்ணாடியைப் பற்றி நாடே செய்யும் கேலி உங்களுக்குத் தெரிந்ததுதானே! விற்பவர் நெடுஞ்சாலைக்கு அழைப்பார். நேர்ச்சாலையில் 110இல் எல்லாக் காரும் நல்ல கார்தான். அதனால் தோட்டத்துப் பக்கம் வளைந்து போகும் சாலையில், அறுபதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; பிறகு நீங்கள் ஓட்டுங்கள். திரும்பி வந்து இறங்கும்போது, "அங்கள், இன்னொரு ரவுண்டு போய் வரட்டா?" என்று கேட்கத் தோன்றினால், அதன்பிறகு விலையைப் பேசுங்கள்.