திருத்திய படம் மட்டும் போதுமா?

கோடைக்கானலில் வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்து ஒரு மரக்கிளையைப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கிளையின் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்று தெரியலாம். கிளையில் அது இல்லை. லென்ஸ் செய்த வேலை. கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது. ஆகவே நிறங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. பாடத்தில் நிறப்பிறழ்ச்சி என்று படிக்கிறீர்களே, அதுதான் இது.

இதைப் போக்கப் பழைய வழிகள் இரண்டு. இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து லென்ஸ் செய்யலாம். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1960-இல் அமைந்த சுரங்கத் தொலைநோக்கியில் அவ்வாறு திருத்திய லென்ஸ் உள்ளது. விட்டம் 38 செ.மீ.; குவியத் தொலைவோ 36 மீட்டர்! அல்லது, ஒரே நிறத்தில் படம் எடுக்கலாம். அதே ஆய்வகத்தில், கால்சியத்துக்கு உரிய 393.4 நானோமீட்டர் ஒளியில் மட்டும் பல்லாண்டுகள் சூரியனைப் படம் எடுத்தார்கள். நிறம் ஒன்றே என்றால் பிறழ்ச்சிக்கு ஏது இடம்?

மூன்றாவது வழி கணக்கு. டிஜிட்டல் காமிராவில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி எண்களாகப் பதிவாகின்றன. சிவப்புப் படம் சற்றுப் பெரிதாக விழுந்திருந்தால், அதைச் சுருக்கிப் பச்சையோடு பொருத்திவிடலாம். படத்தின் ஓரத்தில் வில்லாய் வளைந்த பைன் மரங்களையும் கணக்கிட்டே நிமிர்த்தலாம். இதை ஏமாற்று வேலை என்பாரும் உண்டு. நான் ஒப்பவில்லை. லென்ஸின் குறையை அளந்து, அளந்ததைக் கழிப்பது நல்ல இயற்பியல்தான்.

ஆனால் எல்லாத் திருத்தமும் அளந்து செய்வதல்ல. சில மென்பொருள்கள் ஓரத்தில் ஊதாவைக் கண்டாலே வெளுத்துவிடும். அது லென்ஸின் ஊதாவா, பூவின் ஊதாவா என்று மென்பொருளுக்குத் தெரியாது. பழனிமலையில் 2018-இல் பூத்த குறிஞ்சியை எடுத்து, இதழோரம் வெளுத்த படத்தை மட்டும் வைத்திருப்பவர், நிறத்தைச் சரிபார்க்க 2030 வரை காத்திருக்க வேண்டும்!

கோடைக்கானல் ஆய்வகத்தில் பழைய ஒளிப்படத் தகடுகளை ஒருமுறை டிஜிட்டல் வடிவில் பதிந்த பிறகும் பாதுகாத்து வைத்தார்கள். அதனால்தான் பின்னர் 4096 × 4096 புள்ளிகள் கொண்ட காமிராவால் அவற்றை இன்னும் நுட்பமாக மறுபடி பதிய முடிந்தது.

பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் திருத்திய படத்தின் பக்கத்தில் மூலப் படத்தையும் மாட்டச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. செல்பேசி தானாகவே திருத்திவிடுகிறதே என்பீர்கள். திருத்தாத பதிவைச் சேமிக்கும் ‘ரா’ வசதி பல செல்பேசிகளில் உண்டு; தேடிப் பாருங்கள். படத்தின் அடியில் எந்த லென்ஸ், என்ன திருத்தம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் தரட்டும்.