பிள்ளை குதிரையேற்றம் கற்கப் போகிறதா? பூட்ஸுக்கு முன்னால் ஹெல்மெட்!

2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் செட்டா, அனுஷ் அகர்வாலா நால்வரும் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அதை டி.வி.யில் பார்த்த பிள்ளை, ‘எனக்கும் குதிரை ஓட்டக் கத்துக்கணும்’ என்று நின்றால் என்ன செய்வது? திருத்தணி, அரக்கோணம் பக்கத்துப் பெற்றோர் சிலர் வார இறுதியில் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்கே அழைத்துப் போகவும் தயாராகிவிடுவார்கள். அப்புறம் ஆரம்பிக்கும் ஆன்லைன் ஷாப்பிங். முழங்கால் வரை தோல் பூட்ஸ், கோட், கையுறை, சாட்டை என்று கூடை நிரம்பும்.

இவற்றில் பாதிக்கு மேல் முதல் மாதத்தில் தேவையே இல்லை. தலைக்குச் சரியான ஹெல்மெட், காலுக்குச் சரியான ஷூ. இந்த இரண்டில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

‘வீட்டில்தான் பைக் ஹெல்மெட் இருக்கிறதே, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முத்திரை இரு சக்கர வாகனத்துக்கான ஐ.எஸ். 4151 தரத்துக்கு உரியது, குதிரைக்கு அல்ல. பைக் ஹெல்மெட்டின் கனம் பிள்ளையின் கழுத்தை அழுத்தும். காதை மூடுவதால் பயிற்சியாளர் சொல்வதும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டோ உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டு பின்தலையின் கீழ்ப்பகுதியை விட்டுவிடும். குதிரைமேல் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கிறது. விழும்போது தரை மட்டுமல்ல, வேலிக் கட்டையும் குளம்பும்கூட தலையில் படலாம். அதனால்தான் குதிரையேற்ற ஹெல்மெட்டை, கூர்மையான விளிம்பில் மோதவிட்டும் சோதிக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பி.ஏ.எஸ். 015, வி.ஜி.1 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வெல்வெட் துணி போர்த்திய அழகான தொப்பியில் இவை எதுவும் இல்லையென்றால், அது போட்டோவுக்கு மட்டும்தான்.

இது அளவுக்கு மீறிய பயம் என்று தோன்றலாம். கோர்ட்னி கிங் டை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் குதிரை ஓட்டியவர். 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில் சாதாரணப் பயிற்சியின்போது அவருடைய குதிரை கால் இடறி விழுந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. பல வாரங்கள் கோமாவில் கிடந்தார். பிறகு நடக்கவும் பேசவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அதுவரை பெரிய போட்டிகளில் பட்டுத் தொப்பி அணிவதுதான் கெளரவம். இன்று நிலைமை வேறு. 2021 முதல் சர்வதேசப் போட்டி மைதானங்களில் குதிரைமேல் ஏறும் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஹாங்ஜோ தங்கமும் ஹெல்மெட்டோடு வந்ததுதான்.

அளவு பார்ப்பது எளிது. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, முன்னும் பின்னும் சாயாமல் உட்கார வேண்டும். வாரைப் பூட்டுவதற்கு முன் ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். கொண்டை, கிளிப், பூவுக்குக் குத்திய ஊசி எதுவும் உள்ளே கூடாது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் போதும். திருத்தணிக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: முருகனுக்கு மொட்டை போட்டு வந்த பிள்ளைக்கு, முடியோடு அளவெடுத்த ஹெல்மெட் லொடலொடக்கும். மறுபடி அளவு பாருங்கள். பழைய ஹெல்மெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவும் வேண்டாம். ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளேயிருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

அடுத்தது கால். குதிரையேற்றத்தில் விழுவதைவிடப் பயங்கரம், விழுந்த பிறகு கால் அங்கவடியில் சிக்கி, மிரண்டு ஓடும் குதிரையோடு இழுபடுவது. ஷூவுக்குச் சின்னக் குதிகால் கேட்பதன் காரணமே அதுதான். அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இருந்தால், பாதம் வளையத்துக்குள் முழுதாக நுழையாமல் அது தடுக்கும். அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் கால் சட்டென்று வெளியே வரும். ஆழமான பள்ளம் வெட்டிய ஸ்போர்ட்ஸ் ஷூ சிக்கிக்கொள்ளும். செருப்பு, சாண்டல் பேச்சுக்கே இடமில்லை. கணுக்காலை மூடும் ஷூ நல்லது. அது வாங்கும்வரை, குதிகால் உள்ள கறுப்புத் தோல் பள்ளி ஷூவே போதும். லேஸ் நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள்.

அங்கவடி வளையமும் பாதத்தின் அகலமான இடத்தைவிடச் சுமார் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இறுகலாக இருந்தால் பாதம் மாட்டிக்கொள்ளும், பெரிதாக இருந்தால் உள்ளே நழுவிவிடும். சிறுவர்களுக்கென்று ஒரு வகை அங்கவடி இருக்கிறது. ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம். விழும்போது அது கழன்று காலை விட்டுவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘மயில்’ என்று பெயர்! ரப்பர் உள்ள பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடுப்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். துப்பட்டா, தொளதொள பலாஸோ, ஜிமிக்கி, வளையல் கூடாது. ஜீன்ஸின் உள்பக்கத் தையல் தொடையை உரசிப் புண்ணாக்கும். உடலோடு ஒட்டிய, வழுக்காத காட்டன் லெகிங்ஸோ டிராக் பேன்ட்டோ போதும். பிறகு ஆர்வம் நிலைத்தால் ஜோத்பூர்ஸ் வாங்கிக்கொள்ளலாம். நம் ஜோத்பூர்க்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த கால்சட்டை அது. மார்புக் கவசம் தாண்டுதல் கற்கும் கட்டத்தில் அவசியம். சாட்டையைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

கட்டணம் கட்டுவதற்கு முன் பயிற்சிக்கூடத்தின் சேணத்தையும் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையிலும் அங்கவடியைத் தாங்கும் தோல் வாரிலும் தையல் விட்டிருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா என்று மடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடத்திலேயே தரும் ஹெல்மெட் என்றால் லேபிளைத் தேடுங்கள். எத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் என்றால், பூட்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம்.